கிளார்க்குக்கும் அசிமோவுக்கும் ஆளுக்கொரு சிறுகோள், சுஜாதாவுக்கு எப்போது?

காட்பாடிக்காரன் | ஞாயிறு, இரவு 9.12

இங்கே வானம் பார்க்கிறவர்களும் இருக்கிறீர்கள், கதை படிக்கிறவர்களும் இருக்கிறீர்கள். அதனால் இதை வேறெங்கும் போய்க் கேட்கவில்லை.

சிறுகோள்களின் பெயர்ப் பட்டியலை மேய்ந்துகொண்டிருந்தேன். 4923 ஆம் எண்ணின் பெயர் கிளார்க். நம் பக்கத்துத் தீவில் குடியிருந்த ஆர்தர் சி. கிளார்க்கேதான். 5020 ஆம் எண் அசிமோவ். இரண்டுமே செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவிலுள்ள சிறுகோள் பட்டையில் சூரியனைச் சுற்றுகிற கற்கள். விசேஷம் என்னவென்றால் இரண்டும் ஒரே இரவில் சிக்கியிருக்கின்றன. 1981 மார்ச் 2, ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் வான்காணகம். கண்டுபிடித்தவரும் ஒரே ஆள், ஷெல்ட் பஸ்.

உயிரோடு இருந்த காலத்தில் இவர்கள் இருவரும் ஒரு வேடிக்கை ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். 'உலகிலேயே சிறந்த அறிவியல் எழுத்தாளர் அசிமோவ், நான் இரண்டாவது' என்று கிளார்க் சொல்ல வேண்டும். 'சிறந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் கிளார்க், நான் இரண்டாவது' என்று அசிமோவ் சொல்ல வேண்டும். எண் வரிசையில் பார்த்தால் கிளார்க் முந்திவிட்டார். 2001 ஆம் எண்ணே கிடைத்திருந்தால் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' எழுதிய அவருக்கு இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும். அது முன்பே ஐன்ஸ்டைன் பேரில் போய்விட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2008 பிப்ரவரி 27 அன்று நம் அறிவியல் புனைகதை எழுத்தாளர் சுஜாதா காலமானார். மூன்று வாரம் கழித்து, மார்ச் 19 அன்று கொழும்பில் கிளார்க். அவருக்கு ஒரு சிறுகோள் இருக்கிறது. இவர் பேரைத் தேடினேன், அகப்படவில்லை. பேரை யார் வைக்கிறார்கள், யாரிடம் கேட்க வேண்டும், காசு கட்ட வேண்டுமா? காவலூர் வான்காணகத்துப் பக்கத்து ஆட்கள் யாராவது சொல்லுங்கள்.


டேனரி ரோடு | ஞாயிறு, இரவு 9.30

ஒப்பந்தம் போட்ட இருவருக்கும் ஒரே இரவில் கல் கிடைத்ததா? கேட்க நன்றாக இருக்கிறது. யாரோ பின்னால் உட்கார்ந்து கட்டிவிட்ட கதை மாதிரியும் இருக்கிறது.


ஆலங்காயத்தான் | ஞாயிறு, இரவு 10.05

பாய், கதை இல்லை. ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு அதிசயமும் இல்லை. பேர் வருவதற்கு முன்பு அந்தக் கற்களுக்கு இருந்த தற்காலிகக் குறியைப் பார்த்தால் விளங்கிவிடும்.

கிளார்க்கின் பழைய குறி 1981 ஈஓ27. அசிமோவுடையது 1981 ஈஎக்ஸ்19. முதல் எழுத்து தேதியைச் சொல்கிறது. ஆண்டை இருபத்து நான்கு அரைமாதங்களாகப் பிரித்து ஏ, பி, சி, டி என்று கொடுத்துக்கொண்டே போவார்கள். ஈ என்றால் மார்ச் முதல் பாதி. இரண்டாவது எழுத்து அந்த அரைமாதத்தில் பதிவான வரிசை. 'ஐ' எழுத்தை மட்டும் விட்டுவிடுவார்கள், ஒன்று என்ற எண்ணோடு குழம்பும் என்பதால். மிச்சம் 25 எழுத்து. எழுத்துகள் தீர்ந்துவிட்டால் பக்கத்தில் 1 போட்டு மறுபடி ஏ-யிலிருந்து. அதுவும் தீர்ந்தால் 2.

இப்போது கணக்குப் போடுங்கள். எக்ஸ் 23 ஆவது எழுத்து, பக்கத்தில் 19. பத்தொன்பது தடவை 25 என்றால் 475, கூட 23. ஆக அசிமோவ் அந்த அரைமாதப் பதிவில் 498 ஆவது. கிளார்க் இதே கணக்கில் 689 ஆவது. பதினைந்து நாள் பதிவில் அத்தனை கற்கள்!

காரணம், அந்த மார்ச் மாதம் பஸ் செய்தது ஒரு பெரிய கணக்கெடுப்பு. சைடிங் ஸ்பிரிங்கில் இருந்த 1.2 மீட்டர் ஷ்மிட் தொலைநோக்கி ஒரே புகைப்படத் தகட்டில் ஆறரை டிகிரி அகல வானத்தைப் பிடிக்கும். முழு நிலாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் 13 நிலா அகலம். பாலாற்றில் தண்ணீர் வந்த காலத்தில் வலை போட்ட மாதிரி, ஒரே வீச்சில் அள்ளியிருக்கிறார். 1,600-க்கும் மேற்பட்ட சிறுகோள்கள் அவர் பேரில் பதிவாகியிருக்கின்றன. ஒருவர் கணக்கில் இத்தனை கற்கள் பேரில்லாமல் கிடக்கும்போது, பின்னாளில் இரண்டு எழுத்தாளர்களுக்கு வைத்த கற்கள் ஒரே இரவில் எடுத்தவையாக அமைவது நடக்கக்கூடியதுதான்.


டேனரி ரோடு | ஞாயிறு, இரவு 10.11

பாலாற்றில் தண்ணீரா? அதுதான் இந்த இழையிலேயே பெரிய அறிவியல் புனைகதை.


நாற்பத்திரண்டு | ஞாயிறு, இரவு 10.40

குறி என்றதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. என் பட்டப்பெயரைப் பார்த்தாலே நான் யார் ரசிகன் என்று தெரிந்திருக்கும்.

டக்ளஸ் ஆடம்ஸ் 2001 மே 11 அன்று, 49 வயதில் இறந்தார். அதற்கு இரண்டே நாள் முன்பு, அவருடைய கதாநாயகன் ஆர்தர் டென்ட் பேரை 18610 ஆம் எண் சிறுகோளுக்கு வைத்த அறிவிப்பு வெளியானது. அந்தக் கல் 1998 இல் ஜெர்மனியில் கண்டுபிடிக்கப்பட்டது. கதாபாத்திரத்துக்குக் கல் வந்துவிட்டது, எழுத்தாளருக்கு இல்லை.

பிறகு 2005 இல் எழுத்தாளருக்கும் வந்தது, 25924 ஆம் எண். தேர்ந்தெடுத்தவர்களுக்கு நல்ல குறும்பு. அந்தக் கல்லின் தற்காலிகக் குறி 2001 டிஏ42. அவர் இறந்த ஆண்டு, அவருடைய முதலெழுத்துகள் இரண்டு, அவர் கதையில் பிரபஞ்சத்தின் எல்லாக் கேள்விக்கும் விடையாக வரும் 42. மூன்றும் ஒரே குறியில். யாரும் ஜோடித்ததில்லை, தேதியும் வரிசையும் தானாகக் கொடுத்தது. அண்ணன் கணக்குப்படி டி என்றால் பிப்ரவரி பின்பாதி, ஏ42 என்றால் அந்த அரைமாதத்தில் 1051 ஆவது. சரிதானே? கல் பதிவானது 2001 பிப்ரவரி 19.


ஆலங்காயத்தான் | ஞாயிறு, இரவு 10.52

சரிதான் தம்பி. நாற்பத்திரண்டு இருபத்தைந்து 1050, கூட ஒன்று. பிப்ரவரி 19-உம் பின்பாதியில்தான் விழுகிறது.


கோட்டை மதில் | திங்கள், காலை 6.20

காலை நடைக்கு முன் எழுதிவிடுகிறேன், வெயில் ஏறிவிட்டால் இந்த ஊரில் மூளை வேலை செய்யாது.

அறிவியல் புனைகதை ஆட்களுக்கு வானத்தில் ஒரு தெருவே இருக்கிறது. 5231 வெர்ன், 1988 இல் பாலோமரில் கரோலின் ஷூமேக்கர் கண்டுபிடித்தது. 9766 பிராட்பரி. போலந்துக்காரர் லெம்முக்கு 3836. ரஷ்யாவின் ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்கள் இருவருக்கும் சேர்த்து 3054. லெம்மையும் சகோதரர்களையும் கண்டுபிடித்தவர் ஒருவரே, கிரிமியாவில் இருந்த செர்னிக்.

ஒரு எச்சரிக்கை. 1721 வெல்ஸ் என்று பார்த்ததும் துள்ள வேண்டாம். அது எச். ஜி. வெல்ஸ் இல்லை, இண்டியானா பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த ஹெர்மன் பி. வெல்ஸ். பேர் பொருத்தத்தை மட்டும் பார்த்துப் பட்டியல் போடும் தளங்கள் இப்படித்தான் நம்மைக் கவிழ்க்கும்.

அசிமோவ் விஷயத்தில் எனக்குப் பிடித்தது வேறு. அவருடைய முதலில் அச்சேறிய கதை 1939 இல் வந்தது. அதில் விபத்துக்குள்ளான கப்பல் வெஸ்டா என்ற சிறுகோள் பக்கத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும். ஆக, அந்தப் பட்டையில்தான் அவர் கதையுலகில் கணக்கைத் தொடங்கினார். பிற்பாடு பேரும் அங்கேயே போய்ச் சேர்ந்தது.


நைட் ஷிப்ட் | திங்கள், காலை 7.45

வேலை முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து படிக்கிறேன். சின்னக் கேள்வி. இந்த அசிமோவ் கல்லை நாம் பார்க்க முடியுமா? மாடியில் ஒரு டெலஸ்கோப் இருக்கிறது, ஆறு அங்குலம். பிள்ளைக்கு வாங்கியது, நான்தான் பார்க்கிறேன்.


ஆலங்காயத்தான் | திங்கள், காலை 9.10

அந்த ஆசையை விட்டுவிடுங்கள். சில கிலோமீட்டர் அகலமுள்ள கல், நமக்குப் பக்கத்தில் வரும்போதுகூடப் பல கோடி கிலோமீட்டர் தள்ளி நிற்கும். ஆறு அங்குலத்தில் கண்ணுக்குத் தெரியாது. பெரிய தொலைநோக்கியும் கேமராவும் வேண்டும், அதிலும் ஒரு புள்ளிதான்.

வெஸ்டாவைப் பாருங்கள். பட்டையிலேயே மிகப் பிரகாசமானது அதுதான். நல்ல சமயத்தில், ஜவ்வாது மலை மாதிரி இருட்டான இடத்தில், வெறும் கண்ணுக்கே மங்கலாக எட்டும். உங்கள் டெலஸ்கோப்புக்கு அது சுலபம். ஒரு நாள் பார்த்து, சுற்றியுள்ள நட்சத்திரங்களைத் தாளில் வரைந்து வையுங்கள். அடுத்த நாள் அதே இடத்தைப் பார்த்தால் ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருக்கும். ஷெல்ட் பஸ் புகைப்படத் தகட்டில் செய்ததும் அடிப்படையில் இதுதான்.

சினிமாவில் காட்டுவது போலக் கற்கள் முட்டி மோதிக்கொண்டு கிடக்கும் என்றும் நினைக்க வேண்டாம். பட்டை முழுக்க உள்ள கற்களை ஒன்றாக உருட்டினாலும் நம் நிலாவின் எடையில் நூற்றுக்கு நான்கு பங்குகூடத் தேறாது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சராசரியாக லட்சக்கணக்கான கிலோமீட்டர் வெற்றிடம்.


காட்பாடிக்காரன் | திங்கள், காலை 9.30

எல்லாம் அருமை. என் கேள்வி அப்படியே நிற்கிறது. பேரை யார் வைப்பது?


ஆலங்காயத்தான் | திங்கள், மதியம் 1.15

சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன், சொல்கிறேன்.

கல்லின் சுற்றுப்பாதை உறுதியான பிறகுதான் நிரந்தர எண் கிடைக்கும். அதற்கு ஒரு தடவை பார்த்தால் போதாது. அது சூரியனைச் சுற்றிவந்து மறுபடி நமக்கு எதிரே வரும்போதெல்லாம் பார்க்க வேண்டும், பெரும்பாலும் நான்கு தடவையாவது. வருடங்கள் ஓடிவிடும். எண் கிடைத்த பிறகு பேரை முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்கு, பத்து ஆண்டுகள் வரை. சர்வதேச வானியல் ஒன்றியத்தின் பெயர்க் குழு ஓட்டுப் போட்டு முடிவு செய்யும். காசு கிடையாது, விலைக்கும் கிடையாது.

விதிகள் சில உண்டு. ஆங்கில எழுத்தில் எழுதினால் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும், இடைவெளியும் கணக்கில் சேரும். ஒரே சொல்லாக இருந்தால் நல்லது. வாயில் நுழைய வேண்டும். இருக்கிற பேரோடு குழம்பக்கூடாது. வியாபாரப் பேர் கூடாது. அரசியல், ராணுவம் சார்ந்தவர் என்றால் இறந்து 100 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். கூடவே, இன்னாருக்கு ஏன் இந்தப் பேர் என்று மூன்று நான்கு வரியில் ஒரு குறிப்பு எழுதித் தர வேண்டும்.

எண் பெற்றவை பல லட்சம். பேர் பெற்றவை சுமார் 25,000 தான். கல்லுக்குப் பஞ்சமில்லை.


வேலப்பாடி | திங்கள், மதியம் 1.40

நூறு ஆண்டா? அப்படியென்றால் எங்கள் தலைவர் பேரை வைக்கவே முடியாதா? அவரும் கதை வசனம் எழுதியவர்தானே?


மட்டுறுத்துநர் | திங்கள், மதியம் 1.44

எந்தத் தலைவர் என்று இங்கே யாரும் கேட்க வேண்டாம். பதிலும் வேண்டாம்.


கோட்டை மதில் | திங்கள், மதியம் 2.05

நம் ஊர்க்காரர்களுக்கு நூறாண்டு விதி சாதகம்தான். 1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த நாள். இரண்டு நூற்றாண்டு தாண்டிவிட்டது, தாராளமாகக் கேட்கலாம். 1806 ஆம் எண் கல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் நடக்காது, அதற்கு எப்போதோ பேர் வைத்தாகிவிட்டது.


காட்பாடிக்காரன் | திங்கள், மாலை 5.50

கண்டுபிடித்தவருக்கே உரிமை என்றால் நாம் யாரைப் பிடிப்பது? பஸ்ஸுக்குச் சுஜாதா யார் என்று தெரியுமா? தமிழர் பேர்களே வானத்தில் இல்லையா?


ஆலங்காயத்தான் | திங்கள், இரவு 8.30

இருக்கின்றன. இங்கேதான் கொஞ்சம் விரிவாக எழுத ஆசை. நம் மண் சம்பந்தப்பட்டது.

சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு 1958 சந்திரா. அது அர்ஜென்டினாவில் கண்டுபிடித்தது. விஸ்வநாதன் ஆனந்துக்கு 4538 விஷியானந்த். அந்தக் கல் 1988 இல் ஜப்பானில் அகப்பட்டது. பேர் வந்தது 2015 இல். இருபத்தேழு ஆண்டு பேரில்லாமல் சுற்றிய கல்லுக்கு, பெயர்க் குழுவில் இருந்த ஒருவரே, அவரும் சதுரங்கப் பிரியர், ஆனந்தின் பேரை முன்மொழிந்தார். இந்த வழியை மனதில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

அப்புறம் 4130 ராமானுஜன். இதுதான் நம்முடையது. 1988 பிப்ரவரி 17 அன்று காவலூரில், ஷ்மிட் தொலைநோக்கியில், ராஜமோகனும் அவருடைய குழுவும் பிடித்தது. பழைய குறி 1988 டிகியூ1. டி என்றால் பிப்ரவரி பின்பாதி, இப்போது நீங்களே படித்துக்கொள்வீர்கள். அன்றைக்குக் காவலூர் இருந்தது பிரிக்கப்படாத வட ஆற்காடு மாவட்டத்தில். அடுத்த ஆண்டே மாவட்டம் இரண்டாயிற்று. 2019 இல் வேலூரும் மூன்றாகி, காவலூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. எத்தனை தடவை எல்லை போட்டாலும் அந்தக் கல்லின் பிறப்புச் சான்றிதழில் வட ஆற்காடுதான்.

அதற்கு முன் இந்தியாவில் இருந்து சிறுகோள் கண்டுபிடித்தவர் போக்சன். நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வான்காணகத்தில் 1861 ஏப்ரல் 17 அன்று அவர் கண்டதற்கு ஆசியா என்றே பேர், 67 ஆம் எண். கடைசியாக 1885 இல் 245 வேரா. அதன் பிறகு நூறு ஆண்டுக்கு மேல் ஒன்றுமில்லை. அந்த இடைவெளியை முடித்தது ஆலங்காயத்துக்கு மேலே உள்ள இந்த மலை.

வானியலாளர் வைணு பாப்பு காவலூரில் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தபோது இங்கே சந்தனமும் முள்ளும்தான். 1968 இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு தொடங்கினார்கள். 725 மீட்டர் உயரம்தான், இமயமலை இல்லை. ஆனால் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் தென்வானமும் நன்றாக எட்டும். 1972 இல் வந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியில் 1977 இல் யுரேனஸின் வளையங்களைப் பதிவு செய்தார்கள். 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கி முடிவதற்குள் பாப்பு 1982 இல் இறந்துவிட்டார். 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி திறந்துவைத்து அவர் பேரைச் சூட்டினார். அவருக்கும் சிறுகோள் உண்டு, 2596 வைணு பாப்பு.

ராஜமோகன் குழுவின் சிறுகோள் தேடலுக்கு வைத்த பேர் 'கல்கி திட்டம்'.


நாற்பத்திரண்டு | திங்கள், இரவு 8.41

கல்கியா? அப்படியானால் ஒரு தமிழ் எழுத்தாளர் முன்பே உள்ளே வந்துவிட்டாரே!


ஆலங்காயத்தான் | திங்கள், இரவு 8.55

அந்தக் கல்கி இல்லை தம்பி, பத்தாவது அவதாரம். ஜெயதேவர் பாட்டில் கல்கியின் வாளைத் தூமகேது போல என்று வர்ணிப்பார். வால் நட்சத்திரமும் சிறுகோளும் தேடுகிறவர்களுக்கு நல்ல பேர்தான்.

ஒரு முறை சனிக்கிழமை மேலே போய்ப் பாருங்கள். பொதுமக்களுக்குச் சின்ன தொலைநோக்கியில்தான் காட்டுவார்கள், நிலாவோ சனியோ, அன்றைக்கு எது இருக்கிறதோ அது. வரிசையில் நிற்கும்போது செல்போன் வெளிச்சம் பட்டால் முன்னால் நிற்கிறவர் திரும்பி முறைப்பார். கோபுரக் கூரை சுழலும்போது அடிவயிற்றில் கேட்கிற மாதிரி ஒரு உறுமல். அப்புறம் மேலே பிளவு விலகி, ஒரு கீற்று வானம் மட்டும் தெரியும். ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் போனால் நல்லது. ஜூனுக்குப் பிறகு மேகத்தைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். முன்கூட்டி விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.


குடியாத்தம் டீச்சர் | திங்கள், இரவு 9.35

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துப் பக்கத்திலிருந்து ஒரு விஷயம் சொல்கிறேன்.

சர்வதேசச் சிறுகோள் தேடல் என்று ஒரு திட்டம் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து நடக்கிறது. ஹவாயில் உள்ள பான்ஸ்டார்ஸ் தொலைநோக்கி எடுத்த படங்களை உலகெங்கும் பள்ளிகளுக்கு இலவசமாக அனுப்புவார்கள். எங்கள் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் செய்தார்கள். ஒரே இடத்தை சில நிமிட இடைவெளியில் எடுத்த நான்கு படங்கள் வரும். அஸ்ட்ரோமெட்ரிகா என்ற மென்பொருளில் போட்டால் அவை மாறி மாறி மின்னும். நட்சத்திரமெல்லாம் நின்ற இடத்தில் நிற்கும். எங்கேயோ ஒரு மூலையில் ஒரு புள்ளி நேர்கோட்டில் தத்தித் தத்திப் போகும். அதைச் சுட்டிக் குறித்து, அறிக்கை அனுப்ப வேண்டும். பல புள்ளிகள் கேமராவின் கோளாறுதான். எதைத் தள்ளுவது என்று கற்றுக்கொள்வதற்கே நாளாகும்.

எங்கள் சொந்தத் தொல்லை வேறு. நான்கு படம் கொண்ட ஒரு தொகுப்பை இறக்குவதற்குள் கணினி அறையில் நெட் படுத்துவிடும். கடைசியில் என் செல்போனில் இருந்துதான் இணைப்புக் கொடுத்தேன், ரீசார்ஜும் என் காசில்.

ஒரு பையன் கேட்டான், 'டீச்சர், நாளைக்கே என் பேர் வைக்கலாமா?' பத்திரிகைகளில் 'மாணவர்கள் சிறுகோள் கண்டுபிடித்தனர், பேர் சூட்டும் வாய்ப்பு' என்று வந்துவிடுகிறது இல்லையா, அந்த எண்ணம். முதல்நிலைப் பதிவு என்பது தொடக்கம்தான். ஆலங்காயத்தான் சார் சொன்ன மாதிரி எண் வருவதற்கே ஆறு முதல் பத்து ஆண்டு ஆகலாம். அதற்குள் அவன் கல்லூரியே முடித்திருப்பான். அப்படிச் சொன்னதும் அவன் முகம் சுருங்கிவிட்டது. அரை மணி நேரத்தில் அடுத்த படத்தைத் திறந்து உட்கார்ந்துவிட்டான், அது தனிக் கதை.


டேனரி ரோடு | திங்கள், இரவு 9.50

டீச்சரம்மா, என் மச்சான் பொண்டாட்டி பிறந்த நாளுக்கு ஒரு நட்சத்திரத்துக்கு அவள் பேர் வாங்கிக் கொடுத்தான். ஆன்லைனில் பணம் கட்டினான். சட்டம் போட்ட சான்றிதழ் வந்தது, ஹாலில் மாட்டியிருக்கிறான். அது என்ன கணக்கு?


கோட்டை மதில் | திங்கள், இரவு 10.02

பாய், அந்தச் சட்டத்துக்குச் செலவான மரம் மட்டும் உண்மை. அப்படி விற்கிற எவருக்கும் வானியல் ஒன்றியம் அதிகாரம் கொடுக்கவில்லை. எந்த வானியலாளரும் அந்தப் பேரைப் பயன்படுத்த மாட்டார். மச்சானிடம் சொல்லித் தொலைக்காதீர்கள், வீட்டில் சண்டை வரும்.


காட்பாடிக்காரன் | செவ்வாய், காலை 8.15

சரி, பேரைப் பற்றிப் பேசுவோம். 'சுஜாதாரங்கராஜன்' என்று சேர்த்து வைத்தால் யாரென்று குழப்பமே இருக்காது. ஆங்கிலத்தில் எழுதி எண்ணிப் பார்த்தேன். சுஜாதா ஏழு, ரங்கராஜன் பத்து. மொத்தம் பதினேழு! ஒரே ஒரு எழுத்து கூடுதல். தலையில் அடித்துக்கொண்டேன்.


நாற்பத்திரண்டு | செவ்வாய், காலை 8.30

'சுஜாதா' என்று மட்டும் வைத்தால் போதாதா அண்ணா?


குடியாத்தம் டீச்சர் | செவ்வாய், காலை 8.38

அது அவர் மனைவியின் பேர். அந்தம்மா பேரில் எழுதியே இத்தனை வருடம் புகழ் வாங்கினார், இப்போது கல்லும் அவர் பேருக்கே போகட்டும். எனக்கு முழுச் சம்மதம்.


பாகாயம் | செவ்வாய், காலை 11.00

எல்லாரும் உற்சாகமாக இருக்கிறீர்கள், நடுவில் ஒரு கசப்பு. யாருக்கும் தெரியாத ஒரு கல்லுக்குப் பேர் வைத்து என்ன ஆகப் போகிறது? நூலகத்தில் அவர் புத்தகத்தை எடுக்க ஆள் இல்லை. அசிமோவைக் கல்லால் யாரும் நினைவு வைக்கவில்லை, கதையால்தான்.


கோட்டை மதில் | செவ்வாய், காலை 11.40

நியாயம்தான். ஆனால் கிளார்க் விஷயத்தில் கதைக்கும் கல்லுக்கும் நேரடித் தொடர்பே உண்டு. பூமியில் சிறுகோள் மோதாமல் காவல் காக்கும் அமைப்பு ஒன்றை 1973 இல் தன் நாவலில் கற்பனை செய்து அதற்கு 'ஸ்பேஸ்கார்டு' என்று பேர் வைத்தார். தொண்ணூறுகளில் நாசா நிஜமாகவே அபாயச் சிறுகோள்களைத் தேடத் திட்டம் போட்டபோது அந்தப் பேரையே எடுத்துக்கொண்டது. சிறுகோள்காரர்கள் அவருக்குத் திருப்பிக் கொடுத்த மரியாதை வெறும் ரசிகத்தனம் இல்லை.

சுஜாதாவுக்கும் அப்படி ஒரு வலுவான காரணம் காட்ட வேண்டும். நாவல்கள் மட்டும் போதாது. பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர், வாக்குப்பதிவு இயந்திர வேலையில் பங்கு, வாரப் பத்திரிகையில் கேள்வி பதிலாக ஒரு தலைமுறைக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தது. இதெல்லாம் குறிப்பில் வர வேண்டும்.


நாற்பத்திரண்டு | செவ்வாய், மதியம் 12.20

ஆர்தர் டென்ட் வழியில் போகலாமே. சுஜாதா கதையில் வரும் ஜீனோ! ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்து, வாயில் நுழையும்.


ஆலங்காயத்தான் | செவ்வாய், மதியம் 1.30

சிரித்துவிட்டேன். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது தம்பி. 2309 ஆம் எண்ணின் பேர் மிஸ்டர் ஸ்பாக். தொலைக்காட்சித் தொடரின் ஸ்பாக் என்று நினைப்பீர்கள், இல்லை. கண்டுபிடித்தவர் வளர்த்த பூனை. பூனைக்குத்தான் தொடரைப் பார்த்து அந்தப் பேர் வைத்திருந்தார். பெரிய முணுமுணுப்புக் கிளம்பி, இனி வளர்ப்புப் பிராணிகளின் பேர் வேண்டாம் என்று ஒன்றியம் சொல்லிவிட்டது. ஜீனோ இயந்திர நாய். குழு அதை நாயாகப் பார்க்குமா, இயந்திரமாகப் பார்க்குமா?


நாற்பத்திரண்டு | செவ்வாய், மதியம் 1.36

புத்தகம் படித்துத் தர்க்கம் பேசும் நாயை வளர்ப்புப் பிராணி என்று சொன்னால் அதுவே கோபித்துக்கொள்ளும்.


ஆலங்காயத்தான் | செவ்வாய், மதியம் 2.10

நடக்கக்கூடிய வழியைச் சொல்லிவிடுகிறேன். ஆனந்துக்கு நடந்த மாதிரிதான். எண் கிடைத்துப் பத்தாண்டு தாண்டியும் கண்டுபிடித்தவர் பேர் வைக்காத கற்கள் ஏராளம். உரிமை உள்ள ஒரு வானியலாளரையோ குழுவிலுள்ளவரையோ நம் குறிப்பு ஈர்க்க வேண்டும். நான்கு வரி. ரசிகர் மன்றத் தொனி வந்தால் ஓரமாக வைத்துவிடுவார்கள்.


காட்பாடிக்காரன் | செவ்வாய், இரவு 9.00

முதல் வரைவு. ஆங்கிலத்தில் யாராவது மாற்றித் தாருங்கள்:

'சுஜாதா என்ற புனைபெயரில் எழுதிய எஸ். ரங்கராஜன் (1935–2008), தமிழ் அறிவியல் புனைகதையை லட்சக்கணக்கான வாசகர்களிடம் கொண்டுசேர்த்த எழுத்தாளர். மின்னணுப் பொறியாளர். இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்காற்றியவர். பத்திரிகைக் கேள்வி பதில்கள் வழியே இளைஞர்களுக்கு எளிய தமிழில் அறிவியலை விளக்கியவர். ஈடு இணையற்ற மேதை.'


கோட்டை மதில் | செவ்வாய், இரவு 9.08

கடைசி வரியை எடுத்துவிடுங்கள். 'லட்சக்கணக்கான' என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள், 'பரவலான' என்று போடுங்கள். மற்றபடி சரி.


குடியாத்தம் டீச்சர் | செவ்வாய், இரவு 9.20

ஆங்கில வரைவை நான் எழுதுகிறேன், வெள்ளிக்குள் இங்கே போடுகிறேன். பிறகு, சனிக்கிழமை பிள்ளைகளைக் காவலூர் அழைத்துப் போக வேன் பேசியிருக்கிறேன். இரண்டு இடம் காலியாக இருக்கிறது. நைட் ஷிப்ட் தம்பி, உங்கள் பிள்ளையும் வரலாம். வாணியம்பாடி பஸ் ஸ்டாண்டில் மூன்று மணிக்கு. ஸ்வெட்டர் கட்டாயம்.


நைட் ஷிப்ட் | புதன், காலை 7.30

இரண்டு இடமும் எங்களுக்கே டீச்சர். பிள்ளை பாதி வழியில் தூங்கிவிட்டால் நான் மட்டும் வரிசையில் நிற்கிறேன், வெளியே அனுப்பிவிடாதீர்கள்.